ஓரம் அடித்த ஜப்பான் துண்டு

சுள்ளிமேட்டில் பஸ் முழுக்க ஆட்கள் நின்றுகொண்டு போவார்கள், சீட்டெல்லாம் காலியாகக் கிடக்கும் என்று நான் சொன்னால் வெளியூர்க்காரர்கள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும், அவரவர் ஊரில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள், யார் நிற்கிறார்கள் என்று ஒரு நாள் நின்று பார்த்துவிட்டு வந்து சிரிக்கட்டும். எங்கள் ஊரில் நடந்ததை நான் கண்ணால் பார்த்தேன். அந்தச் சீட்டுகளில் கிடந்த துண்டுகளை விற்றவளே நான்தான்.

அது ஜப்பானுக்குப் போக வேண்டிய சரக்கு. எங்கள் ஊர்ப் பஞ்சாயத்துத் தலைவர் ராக்கியண்ணனுக்கு விசைத்தறிப் பட்டறை உண்டு. எங்கே போனாலும் முதலில் தன் துண்டை அனுப்பி இடம் பிடித்து வைத்துவிட்டுப் பிறகு ஆளாக வந்து சேருகிற மனிதர். அவருக்கு எப்படியோ அந்த ஆர்டர் கிடைத்தது. முழத்துக்கும் குறைவான அகலம், இரண்டு முழ நீளம், மெல்லிய பருத்தி, அவுரி நீலத்தில் அலையும் சுரைக்குடுவையும் அச்சடித்தது; அந்த ஊரில் அதற்குத் தெனுகுயி என்று பெயராம். இரண்டு முனையும் வெட்டினது வெட்டினபடி இருக்க வேண்டும், ஓரம் தைக்கவே கூடாது என்று அவர்கள் தெளிவாகச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். ராக்கியண்ணன் அதைக் கேட்டுவிட்டு ஜப்பான்காரர்கள்மேல் பரிதாபப்பட்டார்.

"பாவம், தையக்கூலிக்குப் பயந்துக்கிட்டானாட்டம் இருக்குது. ஓரம் அடிக்காத துண்டை மனுசன் தொடுவானா? நூல் நூலாத் தொங்குச்சுன்னா நம்மூரு மானம் என்னாவறது? அங்காயி, நல்லா ரெண்டு மடிப்பு மடிச்சு அடி. நம்ம செலவுல போவட்டும்."

அங்காயி அவர் பட்டறையில் தையல் மிஷினில் உட்கார்ந்திருந்த பெண். கிழக்குத் தெருக்காரி. சொன்னதை அடித்தாள். இரண்டு மடிப்பு மடித்து, முனையில் திரும்ப ஓட்டி முடிச்சுப் போட்டு, யானை இழுத்தாலும் பிரியாத மாதிரி, ஒவ்வொரு துண்டையும் ஒரு கோட்டை வாசலைச் சாத்துவது போலச் சாத்தி அடுக்கினாள்.

அப்புறம் அயாசி என்று ஒரு ஜப்பான்காரர் சரக்குப் பார்க்க வந்தார், மொழிபெயர்க்கச் சென்னையிலிருந்து ஒரு பையனைக் கூட்டிக்கொண்டு. நானும் அன்றைக்குக் கழிவுச் சரக்கு ஏதாவது தேறுமா என்று பட்டறைக்குப் போயிருந்தேன். மனிதர் ஒரு துண்டை எடுத்தார், ஓரத்தைத் தடவினார், முகம் சுருங்கிப் போயிற்று. சத்தம் போடவில்லை. தன் இடுப்பிலிருந்து, துவைத்துத் துவைத்து வெளுத்துப் போன சொந்தத் துண்டு ஒன்றை உருவிக் காட்டினார். அதை நெற்றியில் கட்டினார், அவிழ்த்து முகம் துடைத்தார், தண்ணீர்ப் பாட்டிலைச் சுற்றி முடிந்து கையில் தொங்கவிட்டார், சோற்று டப்பாவை அதில் பொதிந்து மேலே முயல் காது மாதிரி ஒரு முடிச்சுப் போட்டார். வாயைப் பிளந்துகொண்டு பார்த்த எங்கள் ஆட்கள் கை தட்டினார்கள், வித்தைக்காரன் வந்திருக்கிறான் என்று. கடைசியில் அவர் கண் என் காலில் விழுந்தது. செருப்பு வார் அறுந்து, ஊக்குப் போட்டு இழுத்துக்கொண்டு நின்றேன் நான். மனிதர் மடமடவென்று துண்டின் முனையிலிருந்து ஒரு கீற்றைக் கிழித்தார், சரேலென்று நேராகக் கிழிந்தது, குனிந்து என் செருப்புக்கு வார் கட்டிவிட்டார்.

"ஓரம் தைக்காம இருந்தாத்தான் சீக்கிரம் காயும், அழுக்கு தங்காது, அவசரத்துக்குக் கிழிச்சுக் காயத்துக்குக் கட்டலாம்னு சொல்றாருங்க," என்றான் சென்னைப் பையன். "தைச்சுட்டா இது வேற பொருளாயிடுமாம்."

"வேற பொருளுன்னா?" என்றார் ராக்கியண்ணன்.

பையன் கேட்டான். அயாசி இரண்டு கைகளையும் இறுக்கி மூடிக் காட்டினார். அவ்வளவுதான். சரக்கு வேண்டாம் என்று போய்விட்டார்.

"நல்ல துணியைக் கிழிக்கறான், கிறுக்கன்," என்றேன் நான். துணி வியாபாரி வேறென்ன சொல்வேன், விற்கிற பொருளைக் கிழிக்கிறவனைக் கண்டால் எனக்கு வயிறு எரியும். அந்தச் செருப்பு வார் அதற்கப்புறம் ஒரு மழைக்காலம் முழுக்கத் தாங்கியது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அன்றைக்கே ராக்கியண்ணனை மடக்கி, பழந்துணி விலைக்கு மொத்தச் சரக்கையும் தூக்கிக்கொண்டு வந்து செவ்வாய்ச் சந்தையில் குவித்தேன்.

எங்கள் ஊரில் துண்டுக்கு என்ன வேலை என்று உங்களுக்குத் தெரியாததில்லை. முகம் துடைக்க என்று வாங்குவார்கள், வாங்கின மறுநிமிடம் பஸ் ஜன்னல் வழியாக உள்ளே வீசி, "ஆளு வருதுங், இப்ப வந்துர்றேன்" என்று கத்துவார்கள். முதலில் அப்படி வீசியவன் பால் சொசைட்டியில் எழுத்து வேலை பார்க்கிற கந்தப்பன். மங்களவிலாஸ் பஸ், காலை நடை, ஜன்னலோரச் சீட். வீசிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டான். பின்னால் ஏறிய லோடுமேன் ஒருவன், வீட்டு நிலைக்கதவையே தனியாகத் தூக்கிக்கொண்டு நடக்கிற ஆள், அந்தத் துண்டை எடுத்து ஓரமாகப் போடலாம் என்று கை வைத்தான். வரவில்லை. இரண்டு கையாலும் பிடித்து இழுத்தான், காலை முன்சீட்டில் ஊன்றி இழுத்தான், பஸ்ஸே ஒரு பக்கமாகச் சாய்ந்ததே தவிர ஒரு பிடி பஞ்சு கனமில்லாத அந்தத் துண்டு அசையவில்லை. கந்தப்பன் மீசையில் டீயோடு வந்தான், சுண்டு விரலால் எடுத்துத் தோளில் போட்டான், உட்கார்ந்தான்.

இதைப் பார்த்த பஸ்ஸில் யாரும் அலறவில்லை, யாரும் சாமி ஆடவில்லை. எல்லாரும் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்கள்: "ஏப்பா, அந்தத் துண்டு எங்க வாங்குன?"

அடுத்த சந்தைக்கு நான் போய்ச் சேரும் முன்னே என் இடத்தில் கூட்டம் நின்றது. எனக்கு நாக்கில் நெருப்பு உண்டு, விலை பேசுகிறவனைப் பொரித்து எடுத்துவிடுவேன். அன்றைக்கு ஒருவன்கூடப் பேரம் பேசவில்லை, எனக்கே வேலையில் ருசி போய்விட்டது. வாங்கினார்கள், வாங்கினார்கள், வாங்கிக்கொண்டே போனார்கள். வாங்கினவர்கள் போட்டார்கள். பஸ் சீட்டில் போட்டார்கள், ரேஷன் கடை வரிசையில் தரையில் போட்டார்கள், முடிதிருத்தும் கடை நாற்காலியில் போட்டார்கள், கல்யாண மண்டபத்தில் முன்வரிசையில் போட்டார்கள், பந்தியில் இலைக்கு முன்னால் போட்டுவிட்டுப் போய் மூன்று பந்தி கழித்து வந்து சாப்பிட்டார்கள், ஆஸ்பத்திரி பெஞ்சில் காய்ச்சல் வருவதற்கு முன்பே போட்டு வைத்தார்கள். போடும்போது எல்லாரும் சொன்னது ஒன்றே: இப்ப வந்துர்றேன். வந்தவர்கள் கொஞ்சம். வராதவர்கள் மிச்சம். போட்டவனைத் தவிர வேறு கைக்கு அது அசையாது என்பதால், போட்டவன் மறந்தாலும் துண்டு மறக்கவில்லை.

அப்படித்தான் பஸ் காலியானது. ஒவ்வொரு சீட்டிலும் ஒரு நீலத் துண்டு, துண்டுக்காரன் திருப்பூரிலோ மாமியார் வீட்டிலோ, நடுவில் மூச்சுமுட்ட நிற்கிற ஜனம். கண்டக்டர் தங்கவேலு முதலில் திட்டிப் பார்த்தான், பிறகு துண்டுகளுக்கும் டிக்கெட் போட ஆரம்பித்தான், பிறகு சில்லறை பாக்கியையும் துண்டின்மேலேயே வைத்துவிட்டுப் போனான். ஜன்னலோரச் சீட்டில் துண்டு போட்டு வைத்திருந்த ஒரு பெரியவர் இடையில் செத்துப்போனார். மகன்கள் வந்து இழுத்துப் பார்த்தார்கள், வரவில்லை என்றதும் அந்தச் சீட்டுக்குப் பொட்டு வைத்து மாலை போட்டார்கள், வருசா வருசம் அதே பஸ்ஸில் திதி கொடுக்கலாம் என்று முடிவு செய்து முதலாளியிடம் அனுமதியும் வாங்கினார்கள். நின்றுகொண்டு போன ஜனம் அந்தச் சீட்டைக் கும்பிட்டது. ஒரு கர்ப்பிணிப் பெண்ணும் நின்றபடியே கும்பிட்டாள். "ஏம்மா, அந்தாளு செத்துட்டாருல்ல, மேல உக்காரேன்" என்று நான் கத்தினேன். பஸ்ஸே என்னைத் திரும்பிப் பார்த்தது. "துண்டு இருக்குதுங்கக்கா," என்றாள் அவள், எனக்குக் கண் தெரியவில்லை என்பதுபோல.

இதில் ஒரு சங்கதி யாரும் கவனிக்கவில்லை. ஊர் முழுக்க இத்தனை துண்டு விற்றேனே, ஒருத்தர்கூட அதில் முகம் துடைத்து நான் பார்க்கவில்லை. வேர்வையைப் பழைய படிக்குச் சட்டைக் கையில்தான் துடைத்தார்கள். துண்டு அழுக்காகிவிடுமாம்.

சரக்கின் அருமை தெரிந்ததும் ராக்கியண்ணன் ஆள் அனுப்பினார், மிச்சமிருப்பதைத் திருப்பிக் கொடு என்று. நான் கொடுத்த விலையைப்போல எத்தனையோ மடங்கு சொல்லி, கடைசியாகக் கையில் இருந்த ஒரே துண்டை அவருக்கு விற்றேன். சுரைக்குடுவை போட்ட துண்டு. அதை அவர் எதற்கு வாங்கினார் என்பது கொஞ்ச நாளில் தெரிந்தது.

பஞ்சாயத்துத் தேர்தல் வந்தது. தலைவர் பதவி இந்த முறை பெண்ணுக்கு என்று சொல்லிவிட்டார்கள், அதுவும் கிழக்குத் தெருப் பெண்ணுக்கு. ராக்கியண்ணன் கலங்கவில்லை. தன் பட்டறையில் தையல் மிஷினில் தலை நிமிராமல் உட்கார்ந்திருந்த அங்காயியைக் கூப்பிட்டு, "நீ நில்லு, நான் பாத்துக்கறேன்" என்றார். அவர் சொன்னால் ஊர் போடும்; போட்டது. பதவி ஏற்கிற நாளுக்கு முதல் நாள் சாயங்காலம், ராக்கியண்ணன் ஆபீசிலிருந்து கிளம்பும்போது, நாற்காலியைத் துடைக்கிற மாதிரி ஒரு தட்டுத் தட்டி, சுரைக்குடுவைத் துண்டை விரித்துப் போட்டு, யாரும் இல்லாத அறையைப் பார்த்துச் சொன்னாராம்: "சித்தெ இருங், இப்ப வந்துர்றேன்."

மறுநாள் அங்காயி மாலையோடு வந்தாள். நாற்காலியில் துண்டு. மெம்பர்கள் இழுத்துப் பார்த்தார்கள், நாற்காலியைத் தலைகீழாகக் கவிழ்த்தும் பார்த்தார்கள், வாட்ச்மேன் தேங்காய் உடைத்துப் பார்த்தான். வேறு நாற்காலி வாங்கலாமே என்று நான் வாசலில் நின்று கத்தினேன்.

பஞ்சாயத்து எழுத்தர் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு சொன்னார்: "தலைவர் நாற்காலி ஒண்ணுதானுங் இருக்க முடியும். இது இருக்கறப்ப இன்னொண்ணு வாங்க ரூல்ஸ் இல்லீங். அப்புறம் இன்னொரு சங்கதி, நாற்காலில உக்காந்து போட்டாத்தான் அது கையெழுத்து. நின்னுக்கிட்டுப் போட்டா அது கிறுக்கல்."

ஆக, அங்காயி நின்றாள். மேசைக்குப் பக்கத்தில், நாற்காலிக்கு ஒரு முழம் தள்ளி, காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும். கையெழுத்து வேண்டிய காகிதமெல்லாம் துண்டுக்காரர் வீட்டுக்குப் போய், அவர் தலையசைப்பை வாங்கிக்கொண்டு, திரும்பி வந்தது. மெம்பர்கள் பார்த்தார்கள், இது நல்ல வழியாக இருக்கிறதே என்று அவரவர் நாற்காலியிலும் ஒரு துண்டைப் போட்டுவிட்டு வீட்டிலேயே இருந்துகொண்டார்கள். அறை முழுக்க நாற்காலி, நாற்காலி முழுக்கத் துண்டு, நடுவில் ஒரே ஒரு மனுசி.

ஊர் இதையும் விழுங்கிக்கொண்டது, ஒரு விக்கல்கூட இல்லாமல். "எங்க தலைவி மக்களுக்காக எந்நேரமும் நிக்கறாங்க" என்று சுவரில் எழுதினார்கள். பள்ளிக்கூட விழாவுக்கு அழைத்து, மேடையில் நிற்க வைத்து, நிற்பதன் பெருமை பற்றிப் பிள்ளைகளுக்கு ஒரு பேச்சுப் போட்டி வைத்தார்கள். ஒவ்வொரு விழாவிலும் அவளுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள், அவளுக்குப் பின்னால் இருந்த நாற்காலியை நகர்த்திவிட்டு. கிழக்குத் தெரு ஆட்கள் அந்த ஆபீசுக்குள் எந்தக் காலத்திலும் உட்கார்ந்ததில்லை, படி தாண்டினாலே பெரிய விசயம். அதனால் யாருக்கும் இது புதிதாகவும் தோன்றவில்லை. அவள் தெருவுக்குத் தண்ணீர்க் குழாய் போடும் காகிதம் மட்டும் ராக்கியண்ணன் வீட்டு மேசையில் கிடந்தது, டீ டம்ளருக்கு அடியில்.

ஒரு நாள் அங்காயி என் கடைக்கு வந்தாள். துணி மூட்டைமேல் பொத்தென்று உட்கார்ந்தாள். கால் இரண்டும் பூசணிக்காய் மாதிரி வீங்கியிருந்தன.

"அக்கா, எனக்கு மிஷின்லயே உக்காந்து பழகிப்போச்சு. உக்காந்தாத்தான் மூளையே ஓடுது. நின்னுக்கிட்டே இருந்தா ஒண்ணுமே தோண மாட்டீங்குது," என்றாள். "எங்க தெருவுல கொடத்தைத் தூக்கிக்கிட்டு, காட்டுக் கெணத்துக்கு நடக்கறவங்க எம்மூஞ்சியப் பாத்துக்கிட்டே போறாங்க. ஒண்ணும் கேக்கறதில்ல. கேட்டாக்கூடப் பரவால்ல. நாளைக்குப் பதவி வேண்டாம்னு எழுதிக் குடுத்துட்டு மிஷினுக்கே போயர்றேன்."

"எழுதிக் குடுப்பியா? நின்னுக்கிட்டு எழுதுனா செல்லாதுடி!" என்று நான் கத்தினேன். அவள் சிரித்தாள். அந்தத் துண்டை விற்றது நான், லாபத்தோடு விற்றது நான், அதனால் அந்த நாற்காலியைப் பற்றிப் பேரம் பேச எனக்கு ஒரு உரிமை இருப்பதாக எனக்குப் பட்டது.

மறுநாள் அவளோடு ஆபீசுக்குப் போனேன். தண்ணீர்க் குழாய், முதியோர் பணம், தெருவிளக்கு என்று மனு வைத்திருந்தவர்கள் வாசலில் வரிசையில் நின்றார்கள், வரிசையின் முதல் ஆள் கிழக்குத் தெரு நாச்சிமுத்துக் கிழவர். ராக்கியண்ணன் தற்செயலாக வந்த மாதிரி வந்தார், தோளில் ஜரிகைக் கரை போட்ட பொன்னாடை, போன வாரம் யாரோ போர்த்தியது.

"ஏனுங் தலைவரே, துண்டை எடுங்," என்றேன்.

"ஏஞ் சாமி, காலங்காத்தாலயே கோவம்? துண்டு அது பாட்டுக்குக் கெடக்குது."

"அவ உக்காரோணும்."

"உக்காரட்டுமே, நானா வேண்டாங்கறேன்? எடுத்துப் போட்டு உக்காரச் சொல்லு," என்றார், மெம்பர்களின் துண்டுகளைப் பார்த்துச் சிரித்தார். துண்டுகள் சிரிக்கவில்லை, எழுத்தர் சிரித்தார். "செரி, நீ யாவாரி, நானும் யாவாரி. பேசித் தீத்துக்குவோம். கையைக் குடு."

எங்கள் பக்கம் மாட்டுச் சந்தையில் தரகர்கள் வாயால் விலை சொல்வதில்லை. இரண்டு பேர் கையையும் ஒரு துண்டால் மூடிக்கொண்டு, உள்ளே விரலைப் பிடித்துக் காட்டுவார்கள். எத்தனை விரல் பிடித்தார்கள் என்பது அந்த இருவருக்கும் மாட்டுக்கும்தான் தெரியும். நானும் அங்கே நின்று கற்றுக்கொண்டதுதான் அந்த வித்தை. ராக்கியண்ணன் பொன்னாடையை உருவி எங்கள் கைகள்மேல் போட்டார். எதற்கு எத்தனை என்று கேட்டேன். "வருசத்துல எத்தனை நாள் அவ உக்காரலாம்னு," என்றார்.

நான் என் ஐந்து விரலையும் விரித்து அவர் உள்ளங்கையில் அழுத்தினேன். எல்லா நாளும் என்று அர்த்தம். அவர் நிதானமாக என் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கினார். மனிதருக்கு என்ன நிதானம்! பெருவிரலை மடக்கினார், மோதிர விரலை மடக்கினார், சுண்டு விரலை மடக்கினார். இரண்டு விரலை மட்டும் விட்டுவைத்து ஒரு தட்டுத் தட்டினார்.

"ரெண்டு நாளா?"

"கொடியேத்தற நாளு. ஆகஸ்ட்டுக்கு ஒண்ணு, ஜனவரிக்கு ஒண்ணு. போட்டோ எடுப்பாங்க, உக்காந்தாத்தான் நல்லா இருக்கும். அன்னிக்கு நானே வந்து துண்டை எடுத்துத் தர்றேன். மத்தநாள் நிக்கறது ஒடம்புக்கு நல்லதுங்கறாங்க டாக்டருங்க."

எனக்கு அப்போது கண்ணில் ஒன்றும் தெரியவில்லை. பொன்னாடைக்குள்ளேயே அவருடைய இரண்டு விரல்களைப் பிடித்தேன், பேரம் படியாத மாட்டின் வாலை முறுக்குவது போல முறுக்கினேன். "அய்யோ" என்று கையை வெடுக்கென்று உருவினார். உருவின வேகத்தில் கை போய் மேசைமேல் போட்டிருந்த கண்ணாடியில் விழுந்தது. கண்ணாடி உடைந்தது, அவர் உள்ளங்கை பெருவிரல் அடியிலிருந்து மணிக்கட்டு வரை பிளந்துகொண்டது.

ரத்தம் என்றால் அப்படி ரத்தம். எழுத்தர் பொன்னாடையை எடுத்துக் காயத்தில் அமுக்கினார். அது பாலியஸ்டர். ரத்தம் அதில் ஒட்டாமல் முத்து முத்தாக உருண்டு ஜரிகை வழியாகத் தரைக்குப் போனது. "துண்டு, துண்டு!" என்று கத்தினார் ராக்கியண்ணன். மெம்பர்களின் துண்டுகளை எழுத்தர் இழுத்தார். ஒன்றும் வரவில்லை, போட்டவர்கள் எல்லாரும் வீட்டில் இருந்தார்கள். வரிசையில் நின்றவர்கள் தங்கள் தோளைத் தடவினார்கள்; அவர்கள் துண்டு பஸ்ஸில் இருந்தது, ரேஷன் கடையில் இருந்தது, கல்யாண மண்டபத்தில் இருந்தது. துண்டுக்குப் பேர்போன ஊரில், ஒரு காயத்துக்குக் கட்ட ஒரு முழம் துணி இல்லை.

"தலைவரே, உங்க துண்டை நீங்களே எடுங்," என்றேன் நான், அப்போதும் பேரத்தை விடாமல்.

அந்த நிலையிலும் அவர் நாற்காலியைப் பார்த்தார், அங்காயியைப் பார்த்தார். எடுத்தால் நாற்காலி காலி. ரத்தம் சொட்டுகிற கையை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார். எடுக்கவில்லை. எனக்கு அவர்மேல் கோபம்கூடப் போய்விட்டது, இப்படியும் ஒரு மனிதனா என்று பார்த்துக்கொண்டு நின்றேன்.

இத்தனை நாளாக அந்தத் துண்டை எல்லாரும் தூக்கிப் பார்த்தார்கள், இழுத்துப் பார்த்தார்கள், கும்பிட்டும் பார்த்தார்கள். கிழித்துப் பார்க்க மட்டும் ஒருவருக்கும் தோன்றவில்லை. நல்ல துணியை யாராவது கிழிப்பார்களா, அதுவும் தலைவர் துண்டை? செருப்பில் வார் கட்டிக்கொண்டு திரிந்த எனக்கே தோன்றவில்லை. அங்காயிக்கு அப்போது தோன்றியதா என்றுகூட எனக்குச் சந்தேகம்தான். வீங்கின காலோடு நின்றுகொண்டிருந்தவள், ரத்தத்தைப் பார்த்ததும் குனிந்தாள், நாற்காலிக்கு வெளியே தொங்கிக்கொண்டிருந்த முனையை வாயில் வைத்தாள், தான் அடித்த தையலைத் தன் பல்லாலேயே கடித்தாள். படக்கென்று ஒரு சத்தம் கேட்டது. பூட்டுத் திறக்கிற சத்தம் என்று வாட்ச்மேன் இன்றுவரை சொல்கிறான், எனக்கு நூல் அறுகிற சத்தம்தான் கேட்டது. பிறகு அவள் இழுத்தாள். சரேலென்று நேராக ஒரு கீற்றுக் கிழிந்தது, மிச்சத் துண்டு ஒரு காய்ந்த இலை மாதிரி நாற்காலியிலிருந்து வழுக்கி அவள் கைக்கு வந்தது.

"கையைக் காட்டுங்," என்றாள்.

ராக்கியண்ணன் நீட்டினார். அவள் குனிந்து கட்டப் பார்த்தாள், உயரம் தோதுப்படவில்லை. பின்னால் இருந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். உட்கார்ந்தோம் என்று அவளுக்குத் தெரியவே இல்லை. மிஷினுக்கு முன்னால் துணியைச் சரிபார்க்கிற மாதிரி அந்தக் கையை மேசையில் வைத்து, மிச்சத் துண்டால் ரத்தத்தை ஒற்றி எடுத்து, கீற்றைச் சுற்றி, இறுக்கி, முடிச்சுக்கு முன்னால் ஒரு முறை நிமிர்ந்து பார்த்தாள்.

முதலில் எழுத்தர் பார்த்தார், பிறகு வரிசை பார்த்தது, கடைசியாக ராக்கியண்ணன் பார்த்தார்.

"அங்காயி," என்றார். "நீ உக்காந்திருக்கற."

"கையை ஆட்டாதீங்," என்றாள் அவள். "ரத்தம் நிக்கட்டும்."

"எவ்வளவு நேரம்?"

"நிக்கற வரைக்கும். அழுத்திப் பிடிச்சுக்கறேன், அசையாம நில்லுங். ஏனுங் எழுத்தரே, அந்தக் கொழாய்க் காகிதம் தலைவரு ஊட்டுல இருக்குது, ஆளனுப்பி எடுத்துட்டு வரச் சொல்லுங். எனக்கு இன்னொரு கை சும்மாதான இருக்குது, கையெழுத்துப் போட்டர்றேன்."

எழுத்தர் என்னைப் பார்த்தார், நாற்காலியைப் பார்த்தார், ரூல்ஸில் ஏதாவது இருக்கிறதா என்று மேலே மின்விசிறியைப் பார்த்தார். பிறகு வாட்ச்மேனை அனுப்பினார்.

ராக்கியண்ணனுக்குத் தலை சுற்றியது போலிருக்கிறது. அந்த அறையில் அவர் நின்று பழக்கமில்லாதவர். எங்கேயாவது உட்காரலாம் என்று சுற்றிப் பார்த்தார். வலப்பக்கம் நாற்காலி, அதில் ஒரு துண்டு. இடப்பக்கம் நாற்காலி, அதில் ஒரு துண்டு. சுவரோரம் வரிசையாக அத்தனை நாற்காலி, அத்தனையும் அவருடைய ஆட்களின் துண்டு, எல்லாரும் இப்ப வந்துர்றேன் என்று போனவர்கள். ஒன்றின் முனையை இடக்கையால் மெல்ல இழுத்தும் பார்த்தார், யாரும் கவனிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டு. நான் கவனித்தேன். அசையவில்லை.

அதனால் அவர் நின்றார். அவருக்குப் பின்னால் மனுக்களோடு ஜனம் வாசல் வரைக்கும் நின்றது. முன்னால் நின்ற நாச்சிமுத்துக் கிழவர் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தார், காலை மாற்றி மாற்றி ஊன்றினார், பிறகு எட்டி ராக்கியண்ணன் முதுகில் இரண்டு தட்டுத் தட்டிச் சொன்னார்:

"சித்தெ தள்ளி நில்லுங் சாமி, வரிசை இருக்குதுல்ல."